குடியும் குடித்தனமும்

தஞ்சைப் பக்கத்துக் கிராமங்களில் நலம் விசாரிப்பதற்கு ஒரு முறை உண்டு. "வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்க வேண்டும். "இருக்கோம்" என்று பதில் வர வேண்டும். அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்பவர் துருவ மாட்டார். சொல்பவரும் விரிக்க மாட்டார். வீட்டு விஷயம் நிலைப்படியைத் தாண்டக் கூடாது என்பது காவிரிப் படுகையின் எழுதாச் சட்டம். இந்தச் சட்டத்தை மீறுவதையே மருந்தாகக் கொண்ட ஒரு சிகிச்சையைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகுநாட்களாக நினைத்துக்கொண்டிருந்தேன். பல குடும்பங்களை ஒரே கூரையின் கீழ் நாள்தோறும் உட்காரவைத்து, அந்த "இருக்கோம்" என்பதன் உள்ளடக்கத்தை ஒருவர் முன் ஒருவர் சொல்லவைக்கும் சிகிச்சை அது.

மேலைநாட்டு மனநல நூல்களில் இதைப் பல்குடும்பக் குழு சிகிச்சை என்ற பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். நம் ஊரில் அப்படியொரு பெயர் நிலைக்கவில்லை. "கேம்ப்" என்கிறார்கள். "கேம்புக்குப் போயிட்டு வந்தவரு" என்றால் குடவாசல், வலங்கைமான் பக்கங்களில் பலருக்கும் விளங்கும்.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. சாந்தி ரங்கநாதன் தம் கணவர் டி.டி.ரங்கநாதனைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தவர். கணவரின் பெயரிலேயே 1980-ல் சென்னையில் ஒரு மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். இந்திரா நகரிலுள்ள டி.டி.கே. மருத்துவமனை அதன் வழிவந்ததே. (1992-ல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.) குடிப்பது ஒழுக்கக் கேடு என்று மட்டுமே பேசப்பட்ட நாட்களில், அது நோய் என்றும், அந்த நோய் குடிப்பவரோடு நிற்பதில்லை, வீட்டிலுள்ள அத்தனை பேரையும் பிடித்துக்கொள்கிறது என்றும் அவர்கள் சொன்னார்கள். மருத்துவமனையில் குடிப்பவருக்கு ஒரு சிகிச்சை, குடும்பத்தாருக்குத் தனியே ஒரு சிகிச்சை என்று வகுத்தார்கள். ஆனால் நாற்று நடவுக்கும் களையெடுப்புக்கும் நடுவே ஒரு கூலித் தொழிலாளி சென்னைக்குப் போய் ஒரு மாதம் படுத்திருக்க முடியாது. ஆகவே 1980-களின் இறுதியில், அன்றைய ஒன்றுபட்ட தஞ்சை மாவட்டத்தில், குடவாசலுக்கு அருகிலுள்ள மஞ்சக்குடி கிராமத்துக்கு மருத்துவமனையே வந்தது. உள்ளூர்க்காரர்கள் இடமும் சோறும் தந்தார்கள். மருத்துவரும் செவிலியரும் ஆற்றுப்படுத்துநர்களும் சென்னையிலிருந்து வந்து தங்கினார்கள். ஏறத்தாழ இரண்டு வாரம். உள்ளூரின் பங்கு இல்லாமல் இது நடக்காது என்பதுதான் அந்த முறையின் உயிர்நாடி. பின்னர் வேறு நிறுவனங்களும் இதே அச்சில் முகாம்களை நடத்தின.

அத்தகைய ஒரு முகாமில், சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டத்தின் சார்பில் மாணவிகளோடு நான் உதவிக்குப் போயிருந்தேன். வெண்ணாற்றங்கரையில் ஓர் ஊர். ஊரையும் நிறுவனத்தையும் பெயர் சொல்லாமல் விடுகிறேன். மனிதர்களின் அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன். அங்கே சொல்லப்பட்டவை அந்தக் கூடத்தை விட்டு வெளியே போகாது என்று முதல் நாளே எல்லோரும் கையடித்துக் கொடுத்திருந்தார்கள். இங்கே எழுதுவதெல்லாம் அவர்கள் ஒப்புதல் தந்தவை மட்டுமே.

முதல் மூன்று நான்கு நாட்கள் முழுக்க மருத்துவர்களுக்கு உரியவை. தினமும் குடித்துப் பழகிய உடம்பு திடீரென்று நிறுத்தினால் சும்மா இருக்காது. முதல் நாளே கை நடுங்கும், வியர்க்கும். இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். அதற்குப் பின் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாத பூச்சிகள் பாயில் ஊர்வதாகத் தெரியும்; கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. "மனசு வச்சா ஒரே நாள்ல விட்டுடலாம்" என்று அறிவுரை சொல்கிறவர்கள் இந்த நாட்களைப் பார்க்க வேண்டும். மாத்திரை, தயமின் ஊசி, கஞ்சி, தூக்கம். ஆறாம் நாள் ஆண்கள் சவரம் செய்துகொண்டு, ஒருவரையொருவர் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

அன்று பிற்பகல்தான் குடும்பங்கள் வந்தன. மனைவியர், சிலருடைய தாய்மார், பள்ளிச் சீருடையிலேயே வந்த சில பிள்ளைகள். "நாளையிலேருந்து தினமும் குழுவா உட்காரப் போறோம்" என்று ஆற்றுப்படுத்துநர் அறிவித்தபோது பெண்கள் முகம் சுண்டிப்போனதைக் கவனித்தேன். ஒரு பெண் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "குழுன்னா வாரம் எவ்வளவு கட்டணும் டீச்சர்?"

சிரிப்பதற்கில்லை. இன்று டெல்டாவில் 'குழு' என்ற சொல்லின் முதற்பொருள் கடன். செவ்வாய்க்கிழமை ஒரு குழு, வியாழக்கிழமை ஒரு குழு. ஒருத்தி தவணை தவறினால் மற்றவர்கள் அவள் வாசலில் வந்து உட்கார வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. பத்துப் பெண்களை ஒருத்திக்கு எதிராக உட்காரவைக்கும் குழுவையே அவர்கள் அறிந்திருந்தார்கள். ஒருத்திக்குத் துணையாகப் பத்துப் பேர் உட்காரும் குழு ஒன்று இருக்க முடியும் என்று நம்ப அவர்களுக்கு இரண்டு நாட்களாயின.

'பல சிக்கல்கள் உள்ள குடும்பம்' என்று இந்தத் துறையில் ஒரு தொடர் வழங்குகிறது. அங்கே வந்திருந்த ஒரு வீட்டைச் சொன்னால் அதன் பொருள் விளங்கும். அவர் டிராக்டர் ஓட்டுகிறவர். குடி. அண்ணனோடு குத்தகை நிலத்துக்காக ஒரு வழக்கு. மகனுக்கு வலிப்பு நோய். அவனைப் பார்த்துக்கொள்வதற்காக மகள் பதினோராம் வகுப்போடு நின்றுவிட்டாள். மனைவிக்கு மூன்று குழுக்கடன், இரவில் தூக்கமில்லை, இரண்டு முறை சாகத் துணிந்தவர். மாமியார் இவற்றுக்கெல்லாம் மருமகளின் ராசியே காரணம் என்று தெருவில் சொல்கிறவர். இந்த வீட்டின் ஒரு துண்டு காவல் நிலையத்துக்குத் தெரியும். இன்னொரு துண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு. ஒன்று பள்ளித் தலைமையாசிரியருக்கு, ஒன்று தாலுகா நீதிமன்றத்துக்கு, ஒன்று கடன் நிறுவனத்தின் வசூல்காரருக்கு. ஒவ்வோர் இடத்திலும் அந்தப் பெண் ஒவ்வொரு விதமாகத் திட்டு வாங்குகிறார். வீட்டை முழுசாக யாரும் பார்த்ததில்லை.

லண்டனில் மார்ல்பரோ குடும்பச் சேவை மையம் 1970-களில் கண்டுகொண்டதும் இதையேதான். ஆலன் குக்லின், பின்னர் ஏயா ஆசென் முதலிய மனநல மருத்துவர்கள் அங்கே பணியாற்றினார்கள். சமூகநலத் துறை, பள்ளி, நீதிமன்றம், மருத்துவமனை என எத்தனையோ அலுவலர்கள் சூழ்ந்தும் நிலைமை மாறாத குடும்பங்கள் அவர்களிடம் வந்தன. வாரம் ஒரு மணி நேரப் பேச்சு போதாது என்று கண்டு, ஆறேழு குடும்பங்களை நாள்முழுதும் ஒன்றாக இருக்கவைத்தார்கள். சேர்ந்து சமைப்பது, சாப்பிடுவது, பிள்ளைகளோடு மல்லுக்கட்டுவது எல்லாம் மற்றவர்கள் கண்முன். நிபுணர் சொன்னால் காதை மூடிக்கொள்ளும் தாய், தன்னைப் போலவே நீதிமன்ற வாசலில் நின்ற இன்னொரு தாய் சொன்னால் கேட்டாள். அதற்கும் முன்னரே, 1950-களில், நியூயார்க்கின் கிரீட்மோர் மருத்துவமனையில் பீட்டர் லாக்கூர் என்பவர் நோயாளிகளையும் குடும்பங்களையும் கூட்டாக உட்காரவைத்துப் பார்த்திருந்தார். தன் மகன் சொன்னால் அது எதிர்ப்பேச்சு. அடுத்த வீட்டு மகன் சொன்னால் அது செய்தி. நான் புரிந்துகொண்டவரை அவர்கள் கண்டுபிடிப்பின் சாரம் இதுதான்.

வெண்ணாற்றங்கரையில் இதை நான் கண்ணால் கண்டேன். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், அப்பா வீட்டுக்கு வரும்போது எப்படி இருக்கும் என்று கேட்டதற்கு, வண்டி ஸ்டாண்டு போடும் சத்தத்தைப் பற்றிச் சொன்னான். "ஒரே தடவையில ஸ்டாண்டு விழுந்துச்சுன்னா எழுந்து சாப்பிடலாம் சார். ரெண்டு மூணு தடவை இழுத்தாருன்னா தூங்குற மாதிரி படுத்துக்கணும்." அவன் தந்தை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் எந்த அசைவும் இல்லை. ஆனால் எதிர்வரிசையில் இருந்த, ஐம்பதைத் தாண்டிய ஒரு மனிதர், தன் மனைவி பக்கம் திரும்பி எல்லோருக்கும் கேட்கும்படியே கேட்டார்: "நம்ம வீட்டுல எப்படி?" அந்த அம்மாள் சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னார்: "நம்ம வீட்டுல செருப்புச் சத்தம்." அவர்கள் பிள்ளைகள் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டவர்கள். முப்பது வருஷம் கழித்துக் கேட்கப்பட்ட கேள்வி அது. பையனின் தந்தை அப்போதுதான் தலை நிமிர்ந்தார்.

பெண்கள் மட்டும் இருந்த அமர்வுகள் வேறு மாதிரி. அங்கே அழுகையைவிடக் கணக்கு அதிகம். வீட்டிலிருந்து பொருள்கள் வெளியேறிய வரிசையை ஒருவர் சொல்லத் தொடங்கினார். முதலில் பித்தளை அண்டா. பிறகு சீர்வரிசையில் வந்த குத்துவிளக்கு. பிறகு தோடு. அரசாங்கம் கொடுத்த மிக்சி. தாலியில் கோத்திருந்த குண்டுகள் ஒவ்வொன்றாக. கடைசியில் ரேஷன் அட்டையே அடகு. அவர் அண்டாவைச் சொன்னதும் நாலைந்து குரல்கள் சேர்ந்துகொண்டன. எங்க வீட்லயும் அண்டாதான் மொதல்ல. எங்க வீட்ல வெளக்கு, அப்புறம் அண்டா. வேறுவேறு ஊர், வேறுவேறு சாதி, ஒரே வரிசை. தன் துர்ப்பாக்கியம் என்றும் தன் சாமர்த்தியக் குறைவு என்றும் எண்ணிக்கொண்டிருந்தது, ஒரு நோயின் படிநிலை என்று அவர்களுக்கு அப்போது தெரிந்தது. ஒரு மணி நேரம் விரிவுரை செய்தாலும் இது விளங்கியிராது. ஒரு பாத்திரக் கணக்கு விளக்கிவிட்டது.

இன்னொரு சொல்லும் அங்கே திரும்பத் திரும்ப வந்தது: "வயித்துவலி." வேலைக்கு ஏன் வரவில்லை என்று கேட்டால், கல்யாணத்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்டால், "அவருக்கு வயித்துவலி." எனக்கு இந்தச் சொல் சின்ன வயசிலிருந்தே தெரியும். குடமுருட்டிக் கரையில் என் சித்தப்பா வீடு. நல்ல பாட்டுக் கேள்வியும் கைராசியும் உள்ள மனிதர். அவருடைய வயிற்றுவலி இருபது வருஷம் நீடித்தது. சித்தி அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டே குடித்தனம் நடத்தினார். உறவினர் யாவருக்கும் உண்மை தெரியும். தங்களுக்குத் தெரியும் என்பது சித்திக்குத் தெரியக் கூடாது என்று பெருந்தன்மையோடு நடித்தார்கள். சித்தப்பா போன பிறகும் சித்தி அதே சொல்லைத்தான் சொன்னார். அவர் தம் வாழ்நாளில் ஒருமுறையாவது தம்மைப் போன்ற நாலு பெண்களோடு உட்கார்ந்து அண்டாவைப் பற்றிப் பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சித்தப்பா பிழைத்திருப்பார் என்று சொல்ல மாட்டேன். சித்தி பிழைத்திருப்பார்.

சிறுபாணாற்றுப்படையை ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறேன். பாணனின் வறுமையைச் சொல்லுமிடத்தில் நத்தத்தனார் காட்டும் அடுக்களையை எவராலும் மறக்க முடியாது. இடிந்த சுவர், குட்டி போட்ட நாய், குப்பையில் முளைத்த வேளைக்கீரை, அதற்கு இட உப்பில்லை. அதைச் சுற்றத்தோடு உண்ணுமுன் அந்த வீட்டுப் பெண் ஒரு காரியம் செய்கிறாள். பிறர் பார்த்துவிடுவார்களே என்று நாணிக் கதவை அடைக்கிறாள். பசியைவிடப் பெரிய துன்பம் அந்தக் கதவடைப்பு என்று வகுப்பில் சொல்வது வழக்கம். முகாமுக்குப் போய்வந்த பிறகு, அந்த நூலின் அமைப்பையே வேறு விதமாக வாசிக்கிறேன். பாணனுக்கு வழி சொல்பவன் யார்? அறிஞன் அல்லன், அரசனும் அல்லன். நேற்றுவரை அதே வறுமையில் கிடந்து, இன்று மீண்டு எதிரே வருகிற இன்னொரு பாணன். கதவை அடைத்துக்கொண்டவளின் வீட்டுக்குக் கதவை அடைத்திருந்தவன் வழி சொல்கிறான். உளநல ஆலோசகரை 'ஆற்றுப்படுத்துநர்' என்று தமிழில் பெயரிட்டவர் யாரோ, பொருளறிந்தே பெயரிட்டிருக்கிறார். ஆனால் அந்தப் பெயருக்கு உரியவர் ஊதியம் வாங்கும் ஆலோசகரைவிட, பக்கத்துப் பாயில் உட்கார்ந்திருப்பவரே என்று எனக்குத் தோன்றுகிறது.

வள்ளுவரும் கள்ளுண்ணாமை அதிகாரத்தில் இந்த இடத்துக்கு வந்துதான் முடிக்கிறார். குடித்தவனுக்குக் காரணம் காட்டித் தெளிவிப்பது ஆகாத காரியம் என்று சொல்லிவிட்டு, அடுத்த குறளில், தான் தெளிந்திருக்கும் வேளையில் குடித்த இன்னொருவனைப் பார்த்தால் தன் நிலை தெரியாதா என்று கேட்கிறார். அந்தப் பத்துக் குறள்களில் தாய் வருகிறாள், ஊரார் வருகிறார்கள், நாணம்கூட ஒரு பெண்ணாக வந்து புறங்காட்டிப் போகிறது. மனைவியும் பிள்ளையும் வரவில்லை. 'குடி' என்ற ஒரே சொல்லுக்கு மதுவருந்துதல் என்றும் குடும்பம் என்றும் பொருள் இருக்கும் மொழியில், இரண்டையும் சேர்த்து யோசிக்க நமக்கு இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

நம் நாட்டில் இது முற்றிலும் இறக்குமதிச் சரக்கு அன்று என்பதையும் சொல்ல வேண்டும். 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் வித்யாசாகர் என்ற மருத்துவர், வளாகத்தில் கூடாரங்கள் அடித்து நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்கவைத்தார். எல்லோரையும் கூட்டி உட்காரவைத்துப் பேசினார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் மனநல மையத்தில் உறவினர் உடன் தங்குவது நெடுங்கால வழக்கம். திருச்சிக்கு மேற்கே குணசீலத்தில், மனம் பேதலித்தவர்களைக் கூட்டிவந்து குடும்பத்தோடு ஒரு மண்டலம், 48 நாட்கள், கோயிலில் தங்குகிறார்கள். அங்கே முகத்தில் தெளிக்கும் தீர்த்தத்தைப் பற்றி எனக்குக் கருத்து ஏதும் இல்லை. ஆனால் நாற்பத்தெட்டு நாள் பக்கத்துப் பக்கத்து அடுப்புகளில் சமைத்துக்கொண்டு, "உங்க பையனுக்கு எப்பலேருந்து?" என்று கேட்டுக்கொள்ளும் தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன். அதில் ஒரு மருந்து இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

ஆனாலும் இந்த முறையை முழுக்க மெச்சிக்கொண்டே போக எனக்கு மனமில்லை. கூட்டத்தில் வாய் திறந்த பெண், இரண்டு வாரம் கழித்து அதே ஆளோடு அதே வீட்டுக்குத்தான் போகிறாள். அங்கே கூரை நெரிந்த குடிசைக்குள் "என்னை நாலு பேர் முன்னால அசிங்கப்படுத்தினியே" என்று அவன் கேட்டால் ஆற்றுப்படுத்துநர் எங்கே இருப்பார்? அடி உதை உள்ள வீடுகளில் மனைவியிடம் முதலில் தனியாகப் பேச வேண்டும், எதைச் சபையில் வைப்பது என்பதை அவளே தீர்மானிக்க வேண்டும். நான் கண்ட முகாமில் அப்படித்தான் செய்தார்கள். எல்லா இடத்திலும் செய்வார்கள் என்று உறுதி சொல்ல முடியாது. சாதி இன்னொன்று. முதல் இரண்டு நாள் பாய்கள் தாமாகவே தெருவாரியாகப் பிரிந்து கிடந்தன. பந்தியில் கலந்து உட்காரவைத்ததும் ஒருவர் தம்மைக் கூட்டிவந்த மைத்துனரோடு புறப்பட்டுப் போய்விட்டார். திரும்பி வரவில்லை. நிலத்துக்காரரும் அவர் வயலில் வேலை செய்பவரும் ஒரே குழுவில் இருந்தால், கூலிக்காரர் எதைப் பேசுவார், எதை விழுங்குவார்? அந்த ஆற்றுப்படுத்துநர் அவர்களை வேறுவேறு குழுவில் வைத்தார். அது சரியா என்று எங்களுக்குள் இரவு வெகுநேரம் விவாதம் நடந்தது. நான் சரி என்ற கட்சி. பேசுவதற்கான பத்திரம் முதலில். சமத்துவப் பாடம் பிறகு.

மனைவியையும் நோயாளி ஆக்கும் ஒரு கோட்பாடும் இந்தத் துறையில் உலவுகிறது. கணவனின் குடியை மறைத்து, கடனை அடைத்து, அவனுக்காகப் பொய் சொல்வதால் அவளும் நோயை வளர்க்கிறாள் என்பது வாதம். ஓரளவு உண்மை. ஆனால் அவள் பொய் சொல்லாவிட்டால் நாளைக்கு அவனுக்கு வேலை போகும், அடுப்பு எரியாது. பிழைப்பதற்கான தந்திரத்தை நோய்க்குறியாக எழுதிவைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

மாத்திரை விவகாரம் இதற்கு நல்ல உதாரணம். டைசல்பிராம் என்றொரு மாத்திரை. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் இறங்கிப்போகும், உயிரும் போகலாம். அதனால் குடிப்பவரின் சம்மதத்தோடுதான் கொடுக்க வேண்டும். நம் ஊரிலோ 'அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுங்கள்' என்று சுவரெழுத்து விளம்பரங்கள் வருகின்றன. கலந்துகொடுத்தவர்கள் இருவர் அந்தக் குழுவிலேயே இருந்தார்கள். ஒருவர் வீட்டில் அது ஆஸ்பத்திரி வரை போயிருந்தது. காலையில் மாத்திரையை யார் கையால் கொடுப்பது என்று ஒரு பிற்பகல் முழுக்கப் பேசினார்கள். "நான் கொடுத்தா நான் போலீஸு, அவரு திருடன்" என்றார் ஒரு பெண். கடைசியில் அவரவரே எடுத்துப் போட்டுக்கொள்வது, வீட்டார் பார்த்திருப்பது, இருவரும் அதைப் பற்றி அன்று முழுவதும் பேசாமலிருப்பது என்று ஒரு வழி வந்தது. இதைச் சொன்னவர் மருத்துவர் அல்லர். முன்னொரு முகாமில் மீண்டு, இப்போது காய்கறி வியாபாரம் செய்யும் ஒரு மனிதர்.

எத்தனைதான் பேசினாலும் கூடத்துக்கு வெளியே ஓர் உலகம் இருக்கிறது. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறக்கப்படவில்லை. குறுவை பொய்த்த ஆண்டுகளில் ஆண்கள் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் போனார்கள். பெண்கள் குழுக்கடனுக்குப் போனார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையையும் கூரையையும் வாரிக்கொண்டு போயிற்று. 2003 நவம்பரிலிருந்து மதுச் சில்லறை விற்பனை அரசின் ஏகபோகம். ஒரு கையால் புட்டியையும் மறுகையால் இலவச மிக்சியையும் நீட்டிய அரசுதான், அந்த மிக்சி அடகுக்கடைக்குப் போனபின் போதை மீட்பு விழிப்புணர்வுப் பேரணிக்கு எங்கள் மாணவிகளை வெயிலில் நிற்கச் சொல்கிறது. இவற்றையெல்லாம் 'குடும்பத்தின் சிக்கல்' என்று பெயரிட்டு ஏழெட்டு வீட்டுத் தலைகளில் வைப்பது நியாயமா என்று ஆற்றுப்படுத்துநரிடம் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. "அணையை நான் திறக்க முடியாது மேடம். கதவைத்தான் திறக்கலாம்" என்றார். பேச்சுக்கு அழகாக இருந்தது. எனக்கு முழுத் திருப்தி இல்லை.

முகாம் முடிந்தபின் மாதம் ஒருமுறை தொடர்கூட்டம். அங்கேதான் உண்மையான கணக்கு. சிலர் மறுமாதமே குடித்துவிட்டு வந்தார்கள், சிலர் வரவேயில்லை. சிலர் பொங்கலுக்குச் சறுக்கி, மாசியில் மீண்டார்கள். வராதவர் வீட்டுக்கு வந்தவர்களில் இருவர் போய்ப் பார்ப்பது என்று ஏற்பாடு. ஓர் ஊரில் கதவு திறக்கவில்லை. போனவர்கள் திண்ணையில் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு, கடைசிப் பேருந்துக்குத் திரும்பினார்கள். அடுத்த மாதமும் போனார்கள்.

டிராக்டர்காரர் வீட்டில் எல்லாம் நேராகிவிடவில்லை. வழக்கு அப்படியே இருக்கிறது. பையனுக்கு வலிப்பு மாத்திரை தவறாமல் போவதால் வருவது குறைந்திருக்கிறது. பெண் தனித்தேர்வராக எழுதப் பெயர் கொடுத்திருக்கிறாள். மூன்று கடனில் ஒன்று தீர்ந்தது. சென்ற சம்பா அறுவடையின்போது தொடர்கூட்ட நாளை ஒட்டி அந்த அம்மாள் எனக்குத் தொலைபேசினார். கொள்முதல் நிலையத்தில் மூட்டைகள் தேங்கிக் கிடக்கின்றன. கணவர் நெல்லுக்கு இராக்காவல் இருக்கிறார், கூட்டத்துக்கு வர முடியாது என்றார். கொள்முதல் நிலையத்தில் இராத்திரி என்னென்ன புழங்கும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். "தனியா இல்ல டீச்சர். கேம்புல பக்கத்துப் பாயில படுத்திருந்தாரே, அந்தண்ணனும் போயிருக்காரு" என்றார். பிறகு, அடுத்த கூட்டத்துக்கு மாமியாரையும் அழைத்து வரலாமா என்று கேட்டார். அந்த மூதாட்டி அதுவரை ஒரு கூட்டத்துக்கும் வந்தவர் இல்லை.